டைனமோவைத் தூக்கிப் போடும் முன்...

கொல்கத்தாவில் பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுப் புலம்பல் உண்டு. சிவப்பு விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, பேட்டரி இறங்கிவிடுகிறது. கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "டைனமோவைக் கழற்றிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுடுங்க."

எங்கள் குடியிருப்பில் உள்ள வங்காளிப் பெரியவர் ஒருவருக்கும் சென்ற மாதம் இதே யோசனை சொன்னார்கள். அவர் அப்பா 1960களில் வாங்கிய வண்டி. அசலாக மிச்சமிருக்கும் ஒருசில பாகங்களில் அந்த டைனமோவும் ஒன்று. அது எப்படி காருக்குள் வந்தது என்று தெரிந்தால் பழுது எங்கே என்பதும் பிடிபடும். அதனால் கொஞ்சம் வரலாறு.

ஆரம்ப காலத்துக் கார்களில் சார்ஜிங் என்ற பேச்சே இல்லை. கையால் சுழற்றி ஸ்டார்ட் செய்வார்கள். வெளிச்சத்துக்கு கார்பைடு விளக்கு. 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. ஸ்டார்ட்டர் குடித்த மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பித் தர ஏதாவது வேண்டுமே? அப்படித்தான் டைனமோ காரில் நிரந்தர இடம் பிடித்தது.

ஆனால் டைனமோவுக்கு இரண்டு கெட்ட குணம். எஞ்சின் வேகம் குறைந்தால் பேட்டரி மின்சாரம் அதற்குள்ளேயே திரும்பிப் பாயும். இதைத் தடுக்க வந்தது கட்அவுட். வேகம் கூடினால் வோல்டேஜ் எகிறும். இதற்கு முதலில் மூன்றாவதாக ஒரு பிரஷ் வைத்துப் பார்த்தார்கள். பேட்டரி நிறைந்த பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. பகலில் நெடுந்தூரம் போகிறவர்கள் அதைச் செலவழிக்கவே ஹெட்லைட்டை எரியவிட்டதும் உண்டு! 1930களில் வோல்டேஜ் ரெகுலேட்டர் பரவிய பிறகுதான் நிம்மதி. கட்அவுட்டும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்தன.

ஆக, சோதிக்கும் வரிசையும் இதுதான். முதலில் ஃபேன் பெல்ட், பேட்டரி முனைகள், எர்த் வயர். அடுத்து டைனமோ. 'டி', 'எஃப்' முனைகளில் உள்ள வயர்களை அடையாளம் வைத்துக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அதற்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்மீட்டர். எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டினால், நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குள் வோல்டேஜ் விறுவிறுவென ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். முள் அசையவே இல்லையென்றால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். 1 வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்டு சுருள் மேல் சந்தேகம். 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் மேல்.

பெரியவர் வண்டியில் முள் ஜம்மென்று ஏறியது. டைனமோ மேல் தப்பே இல்லை! வேகம் கூட்டும்போது சிவப்பு விளக்கு மங்கி, மறுபடி எரிந்ததும் ஒரு துப்பு. டைனமோ மின்சாரம் தருகிறது, பேட்டரிக்குத்தான் போய்ச் சேரவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்தால், கட்அவுட் பாயிண்ட்டில் கரி. சுத்தம் செய்து மாட்டியதும் விளக்கு அணைந்தது.

ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லவில்லை. வண்டி ஐடிலில் நிற்கும்போதும் அது சார்ஜ் தரும். மலிவான சிலிக்கன் டயோடு வந்த பிறகே அது சாத்தியமானது. 1960 மாடல் கிரைஸ்லர் வேலியன்ட் அதில் முன்னோடி. மின்சாரம் திரும்பிப் பாயாமல் டயோடே தடுத்துவிடுவதால் கட்அவுட்டும் தேவையில்லை. அடுத்த வருடம், 1961-ல், நம்ம சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டது.

தினமும் ஓட்டுகிற, ஏசி போட்ட வண்டி என்றால் தாராளமாக மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனைதான் எர்த். அதைக் கவனிக்காமல் இணைத்தால் டயோடு புகைந்துவிடும்.

மாற்றினாலும் பழைய டைனமோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. துணியில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள். பேரனோ பேத்தியோ ஒருநாள் கேட்பார்கள்.