ஃபோர்க்லிஃப்ட் கவிழும்போது வெளியே குதிக்கலாமா? டிரைவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் முதல் தூத்துக்குடி குடோன்கள் வரை, ஃபோர்க்லிஃப்ட் இல்லாமல் இன்று வேலை நகராது. பார்க்க சின்ன வண்டிதான். ஆனால் 2.5 டன் தூக்கும் வண்டியின் எடையே சுமார் 3.5 முதல் 4 டன் இருக்கும். அதாவது நாலு சின்ன கார்களின் எடை! இது கவிழ்ந்தால் என்ன செய்வது? சரிவு, ஈரத் தரை, கெமிக்கல் உள்ள இடங்களில் எப்படி ஓட்டுவது? பார்க்கலாம்.

கவிழும்போது குதிக்கலாமா?

கூடவே கூடாது. வண்டி சாயும்போது வெளியே பாயத்தான் மனசு சொல்லும். ஆனால் நீங்கள் தரையில் விழும் நேரத்தில், தலைக்கு மேல் இருக்கும் இரும்புக் கூரை உங்கள் மீதே வந்து விழும். பலரின் உயிரைப் பறிப்பது இதுதான்.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி என்றால்:

* சீட் பெல்ட்டுடன் சீட்டிலேயே இருங்கள்
* ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடியுங்கள்
* கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள்
* வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடலைச் சாயுங்கள்

பின்பக்கம் திறந்திருக்கும், நின்றபடி ஓட்டும் வண்டிக்கு மட்டும் விதி வேறு. அதில் பின்னோக்கி இறங்கி விலகிவிட வேண்டும்.

வண்டி ஏன் கவிழுது?

நாலு சக்கரம் இருந்தாலும், ஃபோர்க்லிஃப்ட் சமநிலையில் நிற்பது மூன்று புள்ளிகளில்தான். இரண்டு முன்சக்கரங்கள், பின் அச்சின் நடுப்பகுதி. இந்த மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டி, லோடு இரண்டின் மொத்த எடையின் மையம் அதற்குள் இருக்கும்வரை பிரச்னை இல்லை.

லோடை உயர்த்த உயர்த்த அந்த மையமும் மேலே போகும். அந்த நிலையில் வேகமாகத் திரும்பினால், மையம் முக்கோணத்தை விட்டு வெளியே போய்விடும். அவ்ளோதான், வண்டி சாய்ந்துவிடும். அதனால்தான் ஃபோர்க்கை தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வைத்து, மாஸ்ட்டை பின்பக்கம் சாய்த்து ஓட்டச் சொல்கிறார்கள்.

காலி வண்டி கவிழாது என்பதும் தப்புக் கணக்கு. லோடு இல்லாதபோது எடை பின்பக்கம் போய்விடும். முக்கோணம் குறுகலாக இருப்பது அங்கேதான்.

2.5 டன் வண்டி 2.5 டன் தூக்குமா?

எப்போதும் தூக்காது. பொதுவாக அந்தக் கணக்கு, லோடின் மையம் ஃபோர்க்கின் அடிப்பகுதியிலிருந்து 500 மி.மீ. தூரத்தில் இருந்தால் மட்டுமே. நீளமான பெட்டி என்றால் மையம் தள்ளிப்போகும், தூக்கும் திறனும் குறையும். உயரம் கூடினாலும் குறையலாம். வண்டியில் உள்ள கெப்பாசிட்டி பிளேட்டைப் பார்க்காமல் தூக்க வேண்டாம்.

எந்த இடத்தில் என்ன ஆபத்து?

சரிவு: லோடு இருந்தால் அது எப்போதும் மேட்டுப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். காலி வண்டிக்கு இது அப்படியே தலைகீழ். சரிவில் வண்டியைத் திருப்பவே கூடாது.

ஈரம், எண்ணெய்: பிரேக் அடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வேகத்தைக் குறையுங்கள். எண்ணெய் சிந்தியிருந்தால் துடைத்த பிறகே ஓட்டுங்கள்.

லாரிக்குள் ஏறும்போது: லாரி சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாரி நகர்ந்தால் இடைவெளியில் வண்டி விழுந்துவிடும்.

மூடிய குடோன், கன்டெய்னர்: டீசல், கேஸ் வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் வாசனையும் இல்லாததால் இது இருப்பதே தெரியாது. தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள்.

பெயின்ட், தின்னர், கெமிக்கல் உள்ள இடம்: சாதாரண பேட்டரி வண்டியும் இங்கே பாதுகாப்பு இல்லை. அதன் மின்பாகங்களில் வரும் சின்னப் பொறியே ஆவியைப் பற்ற வைக்கப் போதும். இதற்கென்றே தயாரான ஃப்ளேம்ப்ரூஃப் வண்டிதான் வேண்டும்.

சார்ஜிங் இடம்: லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டம் அவசியம். பீடி, சிகரெட்டுக்கு இடமே இல்லை.

பக்கத்தில் நடப்பவர்கள் கவனிக்க

ஃபோர்க்லிஃப்ட் திரும்புவது பின்சக்கரத்தால். அதனால் வண்டியின் பின்பகுதி வெளிப்பக்கமாக வீசி வரும். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே நிற்காதீர்கள். தூக்கிய ஃபோர்க்குக்குக் கீழே போகாதீர்கள். 'ஒரு நிமிஷ வேலைதான்' என்று ஃபோர்க்கில் ஆளை ஏற்றித் தூக்குவதும் வேண்டாம். லோடு பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் ஓட்டுங்கள். மேட்டில் ஏறும்போது வழிகாட்ட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் தொடங்கும் முன்

பிரேக், ஸ்டீயரிங், ஹார்ன், டயர், ஃபோர்க்கில் விரிசல், செயின், எண்ணெய்க் கசிவு, சீட் பெல்ட் ஆகியவற்றைப் பார்க்க சில நிமிடங்கள் போதும். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் சாவியை எடுத்துவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். லோடு லேட்டானால் அடுத்த லாரியில் அனுப்பிக்கொள்ளலாம். உயிர் போனால் வராது.