சட்டாம்பிள்ளையும் ஆறு துண்டுக் காகிதமும்

ஆறாம் வகுப்பில் நான்தான் லீடர். சார் வெளியே போனால் கரும்பலகை ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது என் வேலை. பெயருக்கு ஓர் அடி. மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, அதற்கு இன்னும் ஓர் அடி. ஒருநாள், தினமும் என்னோடு சைக்கிளில் வரும் நண்பன் ரப்பர் கேட்டுப் பின்பெஞ்சுப் பக்கம் திரும்பினான். எழுதினேன். ‘அழிச்சிடுடா’ என்றான். பெருக்கல் குறியும் போட்டேன். இரண்டு அடி வாங்கினான். அன்று சாயங்காலத்திலிருந்து தனியாகத்தான் வீட்டுக்குப் போனான்.

வகுப்பில் பிள்ளைகளிடம் ஒற்றுமையும் அக்கறையும் வளர்ப்பது பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தக் கரும்பலகைதான் ஞாபகம் வரும். இந்த லீடர் பதவி எங்கிருந்து வந்தது என்று கொஞ்ச நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்தோடு வந்திறங்கியது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கதை அவ்வளவு நேராக இல்லை.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோ பல வயது. ஒருவன் மணலில் அ, ஆ எழுதிக்கொண்டிருப்பான், இன்னொருவன் எண்சுவடி ஒப்பித்துக்கொண்டிருப்பான், மூன்றாமவன் ஓலைக்கு வந்திருப்பான். அத்தனை பேரையும் ஒரே ஆள் கவனிக்க முடியாது. அதனால் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள். வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளி அவன் பொறுப்பு.

1787இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றார். சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான இடம் அது. ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு நாட்டுப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். இதையே நம் விடுதியிலும் செய்யலாமே என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. பெல் ஒரு மாணவனைக் கூப்பிட்டார். பெயர் ஜான் ஃபிரிஸ்கன், வயது 8. சின்ன வகுப்புக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். ஆசிரியர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக விடுதி முழுவதும் மாணவர்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் தேர்ந்தவன் ஒருவன், தேராதவன் ஒருவன் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்.

மணல் எழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் பார்த்ததாக பெல் ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றே சொல்லிவந்தார். ஆனால் 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அரசுக்கு எழுதிய அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. முன்னேறிய மாணவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்நாட்டு வழக்கம் பாராட்டத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரியே என்று அதில் இருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்கே தெரியும்.

பெல் 1797இல் லண்டனில் இதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் பரவியது. மறுவருடம் ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்து, இதே மாதிரியான முறையைப் பெரிய அளவில் நடத்தினார். நீளமான ஒரே கூடம், நூற்றுக்கணக்கான பையன்கள், மேடையில் ஒரே ஆசிரியர். நடுவில் மானிட்டர் எனப்பட்ட மாணவத் தலைவர்கள். செலவு மிகக் குறைவு. தொழிற்சாலைகள் பெருகிய காலம் வேறு. பெல்லே தன் முறையை நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டார்.

எந்திரத்தில் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் திருப்பும், அவ்வளவுதான். இங்கும் அப்படியே ஆனது. நன்றாக ஒப்பித்தவன் ஓர் இடம் மேலே, தப்பு விட்டவன் கீழே என்று நாள் முழுக்க வரிசை மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவன் தடுமாறினால் எனக்கு லாபம். பிரம்படி வேண்டாம் என்று சொன்ன லங்காஸ்டர், அதற்குப் பதில் அவமானத்தைக் கொண்டுவந்தார். கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவது எல்லாம் அவரே எழுதி வைத்திருக்கும் தண்டனைகள்.

இந்த முறை இங்கேயே பழகியிருந்ததற்குத் தமிழே சாட்சி. யாராவது ரொம்ப அதிகாரம் பண்ணினால் ‘நீ என்ன பெரிய சட்டாம்பிள்ளையா?’ என்று கேட்கிறோம். சொல்லிக்கொடுத்த மூத்த பையன் என்ற பொருள் தேய்ந்துபோய், மிரட்டுகிறவன் என்ற பொருள்தான் தங்கியிருக்கிறது.

அப்படின்னா பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே தப்பா? இல்லை என்று காட்டிய ஒரு வகுப்பறையும் வரலாற்றில் இருக்கிறது. அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில். நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஆஸ்டினில் வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழியினர் பிள்ளைகள் உண்மையில் ஒரே வகுப்பில் கலந்து உட்கார்ந்தது 1971இல்தான். சில வாரங்களிலேயே நடைபாதையிலும் மைதானத்திலும் அடிதடி. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சமூக உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனைக் கூப்பிட்டார்கள்.

அவரும் அவர் மாணவர்களும் முதலில் வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து சும்மா கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், ஏழெட்டுக் கைகள் உயர்கின்றன. ஒருவனைக் கூப்பிட்டதும் மற்ற முகங்கள் வாடுகின்றன. அவன் தப்பாகச் சொன்னால் மறுபடியும் உற்சாகமாகக் கைகள். வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் கையே தூக்குவதில்லை. இவர்களை அருகருகே உட்கார வைத்தால் நட்பு வந்துவிடுமா?

ஆரன்சன் குழு பாடத்தை வெட்டியது. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு ஆறு பத்திகள். ஆறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு ஒரு பத்தி. ஒருவன் பத்தி இன்னொருவனிடம் இருக்காது. பரீட்சையோ ஆறு பத்தியிலும். முதலில், ஒரே பத்தி கிடைத்தவர்கள் எல்லாக் குழுக்களிலிருந்தும் ஒன்றுகூடித் தங்கள் பகுதியைப் பேசித் தெளிவார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்வார்கள். துண்டுகளைச் சேர்த்தால்தான் படம் தெரியும். அதனால் ‘ஜிக்சா’ வகுப்பு என்று பெயர்.

ஆரன்சன் ‘கார்லோஸ்’ என்ற புனைபெயரில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாவது மொழி. தன் பத்தியைச் சொல்லும்போது திக்கித் திணறினான். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அங்கிருந்த உதவியாளர் யாரையும் திட்டவில்லை, அன்பைப் பற்றி வகுப்பும் எடுக்கவில்லை. கிண்டல் செய்வதால் புலிட்சரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் பரீட்சை என்று மட்டும் நினைவுபடுத்தினார். சில நாளில் பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்கும் விதம் மாறியது. பொறுமையாகக் கேட்டால் அவன் நன்றாகச் சொல்கிறான் என்று தெரிந்தது. அவனும் நிமிர்ந்தான். இப்படிப் படித்த வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் அதிகம் பிடித்தது. கறுப்பின, மெக்சிகோ வழிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. பிறகு வேறு இடங்களில் செய்தவர்களுக்கு எல்லாமே இதே அளவு பலன் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

எழும்பூரிலும் ஆஸ்டினிலும் சொல்லிக்கொடுத்தது பிள்ளைகள்தான். எழும்பூரில் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான், அடுத்த நாளும் அதே திசைதான். ஆஸ்டினில் ஆறு பேருக்கும் மற்ற ஐந்து பேரின் தயவு வேண்டியிருந்தது. நான் பெயர் எழுதிய நாளில் எனக்கு என் நண்பனிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. சாரின் பாராட்டு மட்டும்தான் தேவைப்பட்டது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் மறுபடியும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஏணிப்படியில் அவரவர் எந்தப் படியோ அங்கிருந்து அட்டை எடுக்க வேண்டும். கணக்கில் முன்னால் இருப்பவள் தமிழில் பின்னால் இருக்கலாம். காலையில் உதவி செய்தவள் மத்தியானம் உதவி கேட்பாள். பெல் மணலைப் பார்த்த அதே ஊரில்தான் இது, இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து.

இப்போதும் பல வகுப்புகளில் கரும்பலகை ஓரத்தில் அந்தப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர் பத்து நிமிஷம் வெளியே போக வேண்டுமென்றால், ஒரு பாடத்தை ஆறாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும்.