சட்டத்தில் பேர் ஏற 56 வருஷம்

அக்கா பையனுக்கு நாலு வயசு. பேச்சு வரலை, கூப்பிட்டா திரும்ப மாட்டான். திருமலைராயன்பட்டினத்துல எல்லாரும் சொன்னது, "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்." ஒருவழியா டாக்டர் ஆட்டிசம்னு சொன்னார்.

அன்னைக்கு ராத்திரி சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன். அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதியது 1943ல். நம்ம 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. அப்போ சான்றிதழ் வேணும்னா 'மனவளர்ச்சி குன்றியவர்'னுதான் வாங்க வேண்டியிருந்துச்சு. 1991ல் டெல்லியில் மேரி பருவா என்ற அம்மா ஆரம்பித்த அமைப்பு விடாமல் கேட்டது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பேர் ஏறியது. 2016 சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றானது.

அதுக்கு முன்னாடி வளர்ந்த புள்ளைங்களுக்கு ஊர் வச்ச பேர் நமக்குத் தெரியும்தானே?

போன வாரம் சான்றிதழ் வந்துச்சு, சரியான பேரோட. அக்கா ரெண்டு தடவை படிச்சுட்டு பீரோவுல வச்சுப் பூட்டுச்சு.