மல்கோவாவின் பேரப்பிள்ளைகள்

லண்டன், பாரிஸ், நியூயார்க் கடைகளில் டிசம்பர் குளிரிலும் மாம்பழம் கிடைக்கிறது. தோலில் சிவப்பு படர்ந்திருக்கும். பெரு, பிரேசில் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அங்கே வாழும் நம்மவர்கள் ஆசையாக வாங்கி, ஒரு கீற்று அறுத்து வாயில் போட்டதும், "என்ன இருந்தாலும் நம்ம ஊர்ப் பழம் மாதிரி வராது" என்பார்கள். ஆனால் அந்தப் பழத்துக்கும் நம் ஊருக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. உலகச் சந்தையில் உலவும் சிவப்புத் தோல் மாம்பழங்கள் பலவற்றின் வம்சம், மல்கோவா என்ற பெயரோடு கப்பலேறிப் போன ஒரு மரத்தில் போய் நிற்கிறது.

மாம்பழ சீசனில் சேலத்து மண்டிக்குள் நுழைந்தால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். செந்தூரம் முந்தி வரும். கிளிமூக்கு, காயாக இருக்கும்போது கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்னவும், பழுத்தபின் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் கூழாக்கவும் போகும். நீலம் கடைசியில் வந்து, மற்ற ரகங்கள் ஓய்ந்தபின் சந்தையைக் காப்பாற்றும். மல்கோவாவுக்கு இந்த வேலை எதுவும் கிடையாது. அறுத்து அப்படியே சாப்பிடுவதற்கென்றே பிறந்த பழம் அது. உருண்டு பருத்திருக்கும். பழுத்த பின்னும் தோலில் பச்சை முழுதாக மறையாது. உள்ளே நாரே தட்டாத கதுப்பு. இனிப்போடு வாசனையும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கும். தோப்புக்காரருக்கு மட்டும் அது சோதனை. காய்ப்பு குறைவு, ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் ஏமாற்றும். மல்கோவாவின் விலை எப்போதும் ஒரு படி மேலே நிற்பதற்கு அதுவே காரணம்.

இந்தப் பழத்தைத் தின்று கொட்டையை நட்டால் மல்கோவா முளைக்காது. நம் நாட்டு ரகங்கள் பெரும்பாலானவற்றின் கொட்டையில் ஒரே ஒரு கரு இருக்கும். அது தாய்மரத்தின் பூவும் வேறொரு மரத்தின் மகரந்தமும் சேர்ந்து உருவானது. அதனால் பிள்ளை தாயைப் போல இருப்பதில்லை. மல்கோவா மல்கோவாவாகவே தொடர வேண்டுமென்றால் தாய்மரத்துக் கிளையை இன்னொரு கன்றில் ஒட்டுக்கட்ட வேண்டும். இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு மல்கோவா மரமும் முன்னொரு மரத்தின் கிளைதான்.

1889-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை இந்தியாவிலிருந்து மாமர ஒட்டுக்கன்றுகளை வரவழைத்து, தெற்கு ஃப்ளோரிடாவின் குடியேற்றக்காரர்களுக்குக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் எல்பிரிட்ஜ் கேல். கேன்சாஸில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1894-95 குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவைக் கடும் உறைபனி தாக்கியது. ஆரஞ்சுத் தோட்டங்களே அழிந்துபோன அந்தப் பனியைத் தாண்டி, கேலின் நிலத்தில் மல்கோவா என்ற பெயர் 'மல்கோபா' என்று எழுதப்பட்டிருந்த மரம் பிழைத்து நின்றது. 1898-ல் காய்த்தது. அதுவரை அந்த ஊர்க்காரர்கள் மாம்பழம் என்று அறிந்திருந்தது மேற்கிந்தியத் தீவுகள் வழியாக வந்த, நார் மண்டிய, டர்பன்டைன் நெடியடிக்கும் பழத்தைத்தான். நாரில்லாத இந்திய மாம்பழத்தைச் சுவைத்தபின் மாந்தோப்பு வைக்கும் ஆசை அங்கே பரவியது.

அந்த ஆசையில் பழம் வாங்கிப் போனவர்களில் ஒருவர் ஜான் ஹேடன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. 1902-ல் மயாமிக்கு அருகே கோகனட் குரோவில் கொட்டைகளை நட்டார். அடுத்த வருஷமே இறந்துபோனார். கன்றுகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர் மனைவி ஃப்ளாரன்ஸ். 1910-ல் அவற்றில் ஒரு மரம் காய்த்தபோது, மஞ்சள் உடம்பில் செக்கச்செவேல் என்று நிறம் ஏறிய பழங்கள் தொங்கின. தாய் மல்கோபா. தகப்பன், ஊரார் ஒதுக்கிய டர்பன்டைன் மாமரம் என்று பின்னாளைய மரபணு ஆய்வு காட்டுகிறது. ஹேடன் என்று பெயர் பெற்ற அந்தப் பழம்தான் ஃப்ளோரிடாவின் மாம்பழத் தொழிலுக்கு அடித்தளம்.

ஹேடனின் கொட்டையிலிருந்து டாமி அட்கின்ஸ் பிறந்தது. நார் அதிகம், சுவை சுமார் என்று ஃப்ளோரிடா மாம்பழ மன்றம் 1950-களில் அதைத் திரும்பத் திரும்ப நிராகரித்தது. ஆனால் தோல் தடிப்பு. பூஞ்சை நோய் எளிதில் அண்டாது. பெட்டியில் அடுக்கி வாரக்கணக்கில் கப்பலில் அனுப்பினாலும் நசுங்காது. வியாபாரிகளுக்கு இது போதும். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் தோப்பு தோப்பாகப் பரவியது.

இந்த வம்சத்தில் இன்னொரு தமிழ்நாட்டு முகமும் உண்டு. நம் கிளிமூக்கு, சாண்டர்ஷா என்ற பெயரில் ஃப்ளோரிடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் கொட்டையில் முளைத்தது ப்ரூக்ஸ். ப்ரூக்ஸின் கொட்டையை 1932-ல் நட்டபோது கிடைத்தது கென்ட். அதன் தகப்பன் ஹேடன் என்கிறது மரபணு ஆய்வு. ஒரே மண்டியில் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும் மல்கோவாவும் கிளிமூக்கும் கடல் கடந்த மண்ணில் சம்பந்திகளாயின. கென்ட் நாரில்லாமல் தித்திப்பாக இருக்கும். பெருவிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. கடையில் சிவப்புத் தோல் மாம்பழம் வாங்க நேர்பவர்கள் ஸ்டிக்கரில் கென்ட் என்ற பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

பேரப்பிள்ளைகள் அமெரிக்கச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த காலத்தில், பூச்சி வந்துவிடும் என்ற அச்சத்தால் பாட்டி ஊர்ப் பழங்களுக்கு அங்கே பல ஆண்டுகள் தடை இருந்தது. கதிர்வீச்சால் பூச்சி நீக்கும் முறைக்கு ஒப்புதல் கிடைத்து, 2007-ல்தான் கதவு திறந்தது.

பயணத்தில் எது போனது, எது நின்றது என்று பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கப்பலுக்கு வேண்டியது நிறமும் கெட்டித் தோலும். அந்தக் குணங்களைத்தான் சந்தை தலைமுறைக்குத் தலைமுறை பொறுக்கி எடுத்தது. மல்கோவாவின் வாசனையும் குழைவும் தூரம் தாங்காதவை. அவை மரத்துக்கு அருகில் வாழ்பவர்களுக்கே கிடைக்கும். பெரியகுளத்து ஆராய்ச்சியாளர்கள் நீலத்தையும் மல்கோவாவையும் கலந்து உருவாக்கிய பி.கே.எம். 2 போன்ற ரகங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. விட்டு விட்டுக் காய்க்கும் குறையைத் தீர்க்க, சுவையைப் பலி கொடுக்காமலும் முயலலாம்.

மல்கோவாவுக்குத் தன்னைத் தானே விதையால் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. கிளையை வெட்டி ஒட்டுக்கட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி தரப் பழத்தைக் கேட்டு வாங்குபவர் வேண்டும். சீசன் வந்தால் பளபளக்கும் நிறத்தைப் பார்க்காமல் ரகத்தின் பெயரைச் சொல்லி வாங்குவோம். இடமிருப்பவர்கள் ஒரு மல்கோவா ஒட்டுக்கன்று வைப்போம். ஏமாற்றும் வருஷத்திலும் மரத்தை வெட்டாமல் வைத்திருக்கத் தோப்புக்காரருக்கு, பெயர் சொல்லிக் கேட்டு வாங்குபவர் இருப்பதைவிட நல்ல காரணம் வேறில்லை.