எண் பலகையின் எழுத்தும் நிறமும்

பெரியாற்றங்கரையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர் வண்டிப்பெரியார். கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் நெடுஞ்சாலை இவ்வூரின் வழியே செல்கிறது. குமுளியைக் கடந்தால் தமிழகம். தலைமுறைகளாகத் தோட்டங்களில் உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. இச்சாலையில் செல்லும் வண்டிகளின் எண் பலகைகளில் ஒரு சிறு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது, பீருமேடு வட்டம் கேரளத்தில் நின்றது. 1972இல் இடுக்கி மாவட்டம் தோன்றியது. 1989 ஜூலை 1 முதல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வரவே, டி.என். தமிழ்நாட்டையும் கே.எல். கேரளத்தையும் குறிக்கலாயின. டி.என். 60 என்றால் தேனி, கே.எல். 37 என்றால் வண்டிப்பெரியார். எழுத்து வண்டியின் ஊரைச் சொல்லும்.

நிறம் சொல்வது வேறு. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த வண்டிக்கு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வாடகை வண்டிக்கு. 2018 ஆகஸ்டில் மின்கல வண்டிகளுக்கென மத்திய அரசு பச்சைப் பலகையை விதித்தது. அதில் சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. அவ்வாண்டு அக்டோபரில் மின்கல வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் விலக்கும், 2021 ஆகஸ்டில் மின்கல வண்டிகளுக்குப் பதிவுக் கட்டண விலக்கும் கிடைத்தன. பெட்ரோலும் மின்விசையும் கலந்து ஓடும் ஹைபிரிட் வண்டிக்கோ பச்சை இல்லை. எரிபொருளை எரிப்பதால் அதற்குப் பழைய பலகையே.

மலைக்கு இப்பாலும் அப்பாலும் பச்சை ஒன்றுதான். எழுத்து அவ்வாறன்று. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருப்பவர் அம்மாநில எண்ணைப் பெறவேண்டும் என்பது சட்டம். பச்சைப் பலகையும் இதற்கு விலக்கன்று.

பணி நிமித்தம் மாநிலம் மாறுவோரின் இத்தொல்லையைக் குறைக்க 2021இல் பி.எச். என்னும் பாரத வரிசை வந்தது. அதிலும் மின்கல வண்டிக்கு வரி 2 சதவீதம் குறைவு. ஆயினும் அவ்வரிசை அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியருக்குமே உரியது. அத்தகைய வேலையில் இல்லாமல், சொந்தத் தொழிலோ கூலி வேலையோ செய்து அயல் மாநிலத்தில் பிழைப்பவருக்கு அது எட்டவில்லை.

எரிபொருளுக்கு நாடு முழுவதும் ஒரே நிறம் கண்டோம். பிழைப்புத் தேடி எல்லை கடப்பவர் எல்லோருக்கும் பொதுவான எழுத்தை இன்னும் காணவில்லை.