மகரயாழில் மகரம் எங்கே இருந்தது?

மகரயாழ் முதலையுடல் கொண்ட கிடைக்கருவி என்றும், அதுவே கடல் கடந்து பர்மாவில் மோன் மக்களின் கியாம் ஆயிற்று என்றும் சொல்வாருண்டு. முதலையொத்த கடல்விலங்காகிய மகரத்தின் பெயரையும் கியாமின் முதலை வடிவையும் இணைத்துப் பிறந்த முடிபு இது. மணிமேகலையின் பளிக்கறை புக்க காதை அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதே என் வாதம்.

தேரில் வரும் சோழ இளவரசன் உதயகுமரன், மாளிகையில் வணிகன் எட்டிகுமரன், எழுதிய பாவைபோல் அசைவற்றிருக்கக் கண்டு காரணம் கேட்கிறான். அப்போது எட்டிகுமரன் தழுவியிருப்பது மகரயாழின் உயர்ந்த கோடு, அதாவது தண்டு. இத்தழுவலை வெறும் வருணனையாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது; நான் அதைக் கருவியின் அமைப்புக்குச் சான்றாகக் கொள்கிறேன். கியாம் தரையில் கிடத்தி வாசிக்கப்படுவது. மூன்றே நரம்புகள்; சுரங்களைத் தருபவை அவற்றின் கீழுள்ள மெட்டுகள். அதில் தழுவுவதற்கு நிமிர்ந்த கோடு ஏது? எட்டிகுமரனிடம் இருந்தது பத்தரும் (ஒலிக்கூடும்) மேலெழுந்த கோடும் கொண்ட கருவியாகவே இருக்க வேண்டும்.

அவன் சொல்லும் மறுமொழி இன்னும் முக்கியமானது. மணிமேகலை மலர்வனத்துக்குச் செல்லக் கண்டு, அவள் தந்தை கோவலனுக்கு நேர்ந்ததை நினைத்து நெஞ்சு கலங்கியதால் தன் கை, பண்ணுக்கு இசையாத பகைநரம்பில் சென்றுவிட்டது என்கிறான். நரம்புக்கு ஒரு சுரம் என்றமைந்த கருவியில்தான் இப்பிழை இவ்வாறு நேரும். மெட்டுக் கருவியில் கை தவறுவது மெட்டில். நரம்பு என்பது சுரத்துக்கும் பெயர் என்று மறுக்கலாம். அப்பெயர் நிலைத்ததே நரம்புதோறும் ஒரு சுரம் நின்ற கருவியால்தானே? மகரயாழுக்கு நரம்பு 19 என்றும் 17 என்றும் வழங்கும் இரு கணக்குகளில் எதைக் கொண்டாலும், மூன்று நரம்புக் கியாமிலிருந்து அது வெகுதொலைவில் நிற்கிறது.

பர்மாவின் பழைய கருவிகளுக்கும் சான்று உண்டு: அங்கிருந்த பியூ நாட்டுத் தூதுக்குழு 802இல் சீனத் தாங் அரசவைக்குக் கொண்டுசென்ற கருவிகளைப் புதிய தாங் வரலாறு விவரிக்கிறது. 1060இல் முடிக்கப்பட்ட அந்நூல் நிகழ்ச்சிக்கு இரண்டரை நூற்றாண்டு பிந்தியது. நாம் அதை மொழிபெயர்ப்பு வழியே அறிகிறோம். ஆகவே அளவுகளை அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஆனால் வகைப்பாடு தெளிவு. முதலையுருவில், நான்கு கால்களும் குடைந்த வயிறுமாக, 9 நரம்புகளுடன் ஒரு கிடைக்கருவி. பறவைத் தலையும் நீண்ட கழுத்தும் 14 நரம்புகளும் கொண்ட யாழ் வேறு. முன்னதில் விலங்கே உடல், பின்னதில் பறவை தலை மட்டும். இரண்டும் ஒரே அவையில் ஒலித்திருக்கின்றன. கியாமுக்கு மூதாதை தேடுவோர் முன்னதைப் பார்க்கட்டும். மகரயாழ் பின்னதன் இனம். மகரம் கோட்டின் நுனியில் இருந்தது. (14 சகோடயாழ் என்னும் மற்றொரு தமிழ் யாழின் நரம்புக் கணக்காகவும் இருப்பது மனத்தைக் கவர்கிறது; அதன்மேல் எதையும் கட்டமாட்டேன்.)

உடல் முழுதும் மயிலாக அமைந்த மயூரி வீணை இந்தியாவிலேயே உண்டே என்பது வலுவற்ற தடை. அது மிகப் பிந்தியது, மெட்டுடையது, வில்லால் இழைக்கப்படுவது. தலையில் மட்டும் விலங்கைச் செதுக்கும் மரபுக்கோ தஞ்சாவூர் வீணையின் யாளிமுகம் கண்முன் நிற்கிறது. மகரயாழுக்கு மாதிரி செய்வோர் பத்தரை முதலையாகக் குடையாமல் கோட்டின் நுனியைச் செதுக்குவதே காதை காட்டும் கருவிக்குப் பொருந்தும்.