மண்டபத்தில் கடைசியாக நின்ற பிள்ளை

("போர்க்காலத்தில் குழந்தைகளை அதிகம் காயப்படுத்துவது குண்டா? மனமா?" என்ற தலைப்பில், 'மனமே' என்ற அணியில் பேசியது)



எதிரணி நண்பர் குண்டுவீச்சைப் பத்தி உருக்கமாப் பேசினார். நான் மறுக்கலை. ஆனா ஐயா, ஒரு குண்டுகூட விழாத கிராமத்துல பிள்ளைங்க அழுதாங்களே, அது எந்தக் கணக்கு?

1939 செப்டம்பர் 1. பிரிட்டன். போர் வாசலில் நிற்கிறது. லண்டன், லிவர்பூல் போன்ற நகரங்களில் குண்டு விழும் என்று அரசாங்கம் பயப்படுகிறது. சில நாட்களுக்குள் சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, சட்டையில் பெயர்ச்சீட்டு. கூட வந்தது அம்மா இல்லை, வாத்தியார்!

போய் இறங்கின பல ஊர்களில் என்ன நடந்தது தெரியுமா? பொது மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் பொறுக்கினார்கள். வாட்டசாட்டமான பையன் பண்ணை வேலைக்கு ஆவான், உடனே போயிட்டான். அழகான சின்னப் பொண்ணு, அதுவும் போயிடுச்சு. கடைசியில் நின்றது யாரு? கிழிஞ்ச சட்டைக்காரப் பிள்ளை. தம்பி கையை விடமாட்டேன்னு நின்ற அக்கா. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி, ஐயா!

அப்புறம் பேச்சு கிளம்பியது. "பட்டணத்துப் பிள்ளைங்க அழுக்கு. தலை நிறையப் பேன். படுக்கையை நனைக்குதுங்க." சில பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வந்த எல்லாருக்கும் சேர்த்து முத்திரை குத்தினார்கள். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம். சோத்துக்குச் சரி. பிள்ளைகளுக்குச் சரியா? (கைதட்டல்)

பேன் இருந்தது உண்மை. அது கோடை விடுமுறை முடியும் நேரம். பள்ளிக்கூடத்து நர்ஸ் தலை பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது. நெருக்கடியான வீடுகளில், குளியலறையே இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் பலர். சிலருக்கு மாத்து உடைகூடக் கிடையாது. படுக்கை நனைந்தது எதனால்? அம்மா இல்லாமல் அந்நிய வீட்டு இருட்டில் படுத்த பயம். பயத்தையும் வறுமையையும் பார்த்து, குணம் கெட்ட பிள்ளைன்னு சொன்னாங்களே, அதுதான் காயம்!

நல்ல வீடுகளே இல்லையா? இருந்தன. பெத்த பிள்ளையாப் பார்த்து, போர் முடிந்த பிறகும் உறவு விடாத குடும்பங்கள் உண்டு. ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் அரசாங்கம் கொடுத்தது. அந்தப் பணம் சோறு போடும். அன்பை அந்த வீட்டுக்காரங்கதானே போடணும்?

1940 ஜனவரிக்குள் போனவர்களில் பாதிக்கு மேல் ஊர் திரும்பிவிட்டார்கள். எதிர்பார்த்த குண்டு விழாதது ஒரு காரணம், வீட்டு ஏக்கம் ஒரு காரணம், போன இடத்தில் ஒட்டாத மனசும் ஒரு காரணம். அதே ஆண்டு செப்டம்பர் 7 முதல் லண்டனில் தொடர்ந்து 57 இரவுகள் குண்டு விழுந்தது. நண்பரே, ஒரு பிள்ளையை வேண்டாம்னு முகம் சுளிச்சா, அந்தப் பிள்ளை திரும்பிப் போற இடம் உங்க குண்டுக்குக் கீழேதான்!

நல்லதும் நடந்தது. நகரத்து வறுமையை அந்தப் பிள்ளைகள் மூலம் நாடே பார்த்தது. 1943-இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து, நகரத்து ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. 1945-இல் குடும்ப உதவித்தொகைச் சட்டம் வந்தது. முதல் பிள்ளையை விட்டு, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். அதற்குப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பேன் பிடிச்ச தலைகளும் அதில் ஒரு காரணம்!

முதுமையில் நினைவுகளைச் சொன்னவர்களில் பலர், அந்த மண்டபத்தில் காத்து நின்ற நேரத்தை மறக்கவே இல்லை. தாய்மார்களே, நம்ம தெருவுக்குப் புதுசா ஒரு பிள்ளை வந்தா, "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை"ன்னு அப்புறம் கேளுங்க. முதல்ல, "சாப்பிட்டியா கண்ணு"ன்னு கேளுங்க.

குண்டைவிட மனமே அதிகம் காயப்படுத்துகிறது என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)